யூகத்துக்கு ஒரு நோட்டு: அகமதாபாத் விபத்துக்குப் பின் ஒரு பயிற்சி வகுப்பின் முப்பது நாட்கள்

பின்னணி

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய புறநகரில் இருக்கும் ஒரு விமானப் பராமரிப்புப் பயிற்சி நிறுவனத்தில் நடந்தது இது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. நான் அங்கே மனிதக் காரணிகள் (வேலையில் மனிதத் தவறு எப்படி நேர்கிறது என்பது) என்ற மாட்யூல் 9 பாடத்தையும் ஜெட் என்ஜின் பாடத்தையும் எடுக்கிறேன். அதற்கு முன் 22 வருடம் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். வகுப்பில் 26 பேர், எல்லோரும் பத்தொன்பது இருபது வயதுக்காரர்கள். சில வருடங்களில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) உரிமம் வாங்கி, ஒரு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடப்போகிறவர்கள்.

ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். தலைக்கு மேல் விமானம் இறங்கினால் சத்தம் அடங்கும்வரை பாடத்தை நிறுத்தி வைப்போம். தாம்பரத்துக்கும் ஒரு கதை உண்டு. 2016 ஜூலை 22 அன்று காலை அங்கிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலில் காணாமல் போனது. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரம், 3,400 மீட்டர் ஆழம். அதுவரை அந்த 29 குடும்பங்களுக்கும் கிடைத்ததெல்லாம் யூகங்கள்தான். இதை நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்வதுண்டு. ஆனால் யூகத்தை என்ன செய்வது என்று 2025 ஜூன் வரை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஜூன் 12 முதல் 14 வரை கவனித்தவை

ஜூன் 12, வியாழக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து பையன்கள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் போன்கள் அலற ஆரம்பித்தன. அகமதாபாத்திலிருந்து லண்டன் காட்விக் கிளம்பிய ஏர் இந்தியா 171, போயிங் 787-8, மேலே எழும்பி அரை நிமிடத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்திருந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். விடுதியில் சாப்பிட உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அன்று மதியம் நான் பாடம் எடுக்கவில்லை.

மூன்று மணிக்குள் வகுப்பில் ஐந்து காரணங்கள் புழங்கின: ஃபிளாப் (மேலே எழும்ப உதவ இறக்கையிலிருந்து நீளும் பலகை) போடவில்லை, கியருக்கு (சக்கரங்களுக்கு) பதிலாக ஃபிளாப்பை உள்ளே இழுத்துவிட்டார்கள், இரண்டு என்ஜினிலும் பறவை, எரிபொருளில் கலப்படம், வெயிலுக்கு எடை அதிகம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரே ஒரு காணொளி. அதுவும் யாரோ திரையில் ஓடியதை இன்னொரு போனில் பிடித்த மங்கலான பிரதி.

அன்று இரவு ஒரு மாணவன், எங்கள் நிறுவனத்தின் சீருடையோடு, ஒரு நிமிடக் காணொளி போட்டான். “ஃபிளாப் சுத்தமா போடலைங்க, இது பைலட் தப்பு. நான் ஏவியேஷன் ஸ்டூடண்ட்” என்று. வெள்ளிக்கிழமை காலைக்குள் ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். நான் அதை மூன்று முறை பார்த்தேன். பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது. ஆனால் 787-இல் மேலே எழும்பப் போடும் 5 டிகிரி ஃபிளாப் என்பது பக்கவாட்டிலிருந்து, அதுவும் அந்தத் தூரத்தில், கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. ஃபிளாப் போடாமல் த்ரஸ்ட்டை, அதாவது என்ஜினின் உந்துவிசையை, கூட்டினால் காக்பிட்டில் எச்சரிக்கை மணி அடிக்கும் என்பது அவனுக்கே பாடத்தில் வந்த விஷயம். அதை அந்த இரவில் அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நங்கநல்லூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கேப்டன் போன் செய்தார். சீருடையை வைத்து எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். கோபப்படவில்லை. “சார், அந்தப் பையன் நல்லா பேசறான். ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. ஃபிளாப் இல்லைன்னு பார்த்தானா, இல்ல ஃபிளாப்பைப் பார்க்க முடியலையா?” என்றார்.

இந்த நிகழ்வில் அதன்பின் நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான்.

முதல் முடிவு

அன்று மாலையே நிர்வாகம் கூடியது. விபத்தைப் பற்றி யாரும் எங்கேயும் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை தயாராக இருந்தது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன்.

காரணம் இது. எங்கள் தொழிலே யூகம்தான். பைலட் லாக் புக்கில் ஒரு ஸ்னாக், அதாவது ஒரு குறை, எழுதிவிட்டுப் போவார். இரண்டாவது என்ஜினில் ஆயில் பிரஷர் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான் இருக்கும். காரணத்தை நாம்தான் யூகிக்க வேண்டும். சென்சாரா, வயரா, பம்ப்பா? நல்ல பொறியாளர் யூகித்ததும் நிற்பார். மேனுவலை எடுத்து, அந்த யூகம் தப்பு என்று காட்டக்கூடிய சோதனை எது என்று தேடுவார். மோசமான பொறியாளர் யூகித்ததும் ஸ்பேனரை எடுப்பார். என் எட்டாவது வருடத்தில் நானே ஒரே ஸ்னாக்குக்காக ஒரு எரிபொருள் வால்வை இரண்டு முறை மாற்றினேன். இரண்டும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து “பழுது எதுவும் இல்லை” என்ற சீட்டோடு திரும்பி வந்தன. கடைசியில் ஒரு கிளாம்ப்புக்கு அடியில் உரசித் தேய்ந்திருந்த ஒரு வயர்தான் காரணம். நடுவில் அந்த விமானம் பதினொரு முறை பயணிகளோடு பறந்திருந்தது. அந்தப் பதினொன்றை நான் மறக்கவில்லை.

பேசாதே என்றால் பிள்ளைகள் வெளியே போய்ப் பேசுவார்கள். யூகிக்காதே என்றால் ஹேங்கரிலும் யோசிக்க மாட்டார்கள். அதனால் சுற்றறிக்கைக்குப் பதிலாக ஒரு நோட்டு என்று நான் கேட்டேன். ஒரு மாதம் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஜூன் 16, திங்கட்கிழமை, கோடு போட்ட ஒரு லாங் சைஸ் நோட்டை மேசைமேல் வைத்தேன். பக்கத்துக்கு நான்கு பத்தி. தேதி. யூகம். அது எதைப் பார்த்து அல்லது கேட்டு வந்தது. எது கிடைத்தால் இந்த யூகத்தை அடித்துவிடலாம். நான்காவது பத்தி நிரம்பாமல் எதையும் எழுதக்கூடாது. கீழே அவரவர் கையெழுத்து. நோட்டில் இருப்பது வகுப்பை விட்டு வெளியே போகக்கூடாது.

காணொளி போட்டவனைத் தண்டிக்க வேண்டாம் என்றேன். முதல் பதிவை அவன்தான் எழுதினான். நான்காவது பத்திக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, “சிதைவில் ஃபிளாப் லீவர் 5-இல் இருந்தால்” என்று எழுதினான்.

நோட்டில் விழுந்தவை

ஜூலை 11 வரை 23 பதிவுகள். பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே வந்தன. நான்காவது பத்தி ஆட்களின் வேகத்தை நன்றாகவே குறைத்தது. எரிபொருள் கலப்படம் என்று எழுத வந்தவன், அப்படியானால் அதே இடத்தில் எரிபொருள் நிரப்பிய மற்ற விமானங்களுக்கும் ஏதாவது ஆகியிருக்க வேண்டுமே என்று தானே கேட்டுக்கொண்டு பேனாவை மூடிவிட்டு, மறுநாள் வேறு மாதிரி எழுதினான். நாச வேலை என்று ஒருவன் எழுதினான். எது கிடைத்தால் அடிக்கலாம் என்ற இடத்தில் “எது கிடைத்தாலும் மறைப்பார்கள்” என்று இருந்தது. அதை நான் ஏற்கவில்லை. எதைக் காட்டினாலும் விழாத யூகத்துக்கு நோட்டில் இடமில்லை என்று சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பதினான்காவது பதிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுதியது அதிகம் பேசாத ஒரு மாணவி. எல்லோரும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் ஹெட்போனில் கேட்டிருக்கிறாள். 787 போன்ற பெரிய விமானம் அவ்வளவு தாழ்வாகப் போகும்போது கேட்க வேண்டிய என்ஜின் இரைச்சல் இல்லை. அதற்குப் பதில் சின்ன புரொப்பெல்லர் விமானம் போல ஒரு கீச்சுச் சத்தம். அது ரேம் ஏர் டர்பைன், எங்கள் பேச்சில் ராட். இரண்டு என்ஜினும் போனால், அல்லது மின்சாரமோ ஹைட்ராலிக்கோ முழுதாகப் போனால், விமானத்தின் வயிற்றிலிருந்து தானாக வெளியே விழுந்து காற்றில் சுழன்று அவசர மின்சாரம் கொடுக்கும் சின்ன விசிறி. மூன்றாவது பத்தியில் “ராட் சத்தம் கேட்கிறது” என்று எழுதியிருந்தாள். நான்காவதில் “சிதைவில் ராட் மடங்கி உள்ளே இருந்தால்”. யூகம் என்ற பத்தியில் ஒரு கோடு மட்டும்.

“ஏம்மா காரணம் எழுதலை?” என்று கேட்டேன். “சத்தம்தான் சார் கேட்டேன். காரணம் கேட்கலை” என்றாள்.

ஜூலை 12: அறிக்கை

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அனெக்ஸ் 13 முதற்கட்ட அறிக்கைக்குக் கொடுக்கும் அவகாசம் 30 நாள். இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை ஜூலை 12 அதிகாலையில் வந்தது. சனிக்கிழமை விடுமுறை, ஆனாலும் பதினைந்து பேர் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக அடித்தோம்.

ஃபிளாப் லீவர் 5-இல் உறுதியாகப் பொருந்தியிருந்தது. அடித்தான், முதல் பதிவை எழுதியவனே. கியர் லீவர் கீழ்நிலையில் இருந்தது. மாற்றி இழுத்தார்கள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. எடை 2,13,401 கிலோ, அனுமதி 2,18,183 கிலோ. பறவை நடமாட்டம் குறிப்பிடும்படி இல்லை. நிரப்பிய வண்டியிலும் தொட்டியிலும் எடுத்த எரிபொருள் மாதிரி சோதனையில் சரியாக இருந்தது. ராட் வெளியே வந்திருந்தது, விமான நிலையக் கேமராவில் படமாகவே இருந்தது.

பிறகு, நோட்டில் யாருமே எழுதாத விஷயம். மேலே எழும்பியது பிற்பகல் 1 மணி 38 நிமிடம் 39 விநாடி. மூன்று விநாடியில் வேகம் 180 நாட். அதை அடுத்து, ஒரு விநாடி இடைவெளியில், இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ‘ரன்’ நிலையிலிருந்து எரிபொருளை நிறுத்தும் ‘கட்-ஆஃப்’ நிலைக்குப் போயின. சுமார் பத்து விநாடி கழித்து, 52-ஆம் விநாடியில் ஒன்று, 56-இல் இன்னொன்று மீண்டும் ‘ரன்’. இரண்டு என்ஜினுக்குள்ளும் எரிபொருள் மறுபடி எரியத் தொடங்கியது, முதல் என்ஜின் மீளத் தொடங்கியது, உயரம் போதவில்லை. 1 மணி 39 நிமிடம் 5 விநாடிக்கு மேடே என்ற ஆபத்து அழைப்பு. ஆறு விநாடியில் பதிவு நின்றது.

நடுவில் ஒரு வரி: ஒரு விமானி மற்றவரிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார், தான் செய்யவில்லை என்று மற்றவர் சொல்கிறார். கேட்டது யார், பதில் சொன்னது யார் என்று அறிக்கை சொல்லவில்லை. பேச்சின் சொற்களைக்கூட அப்படியே தரவில்லை.

அறையில் யாரும் பேசவில்லை. 23 பதிவுகள், ஒன்றிலும் சுவிட்ச் இல்லை.

ஜூலை 14: வகுப்பு உடைந்த நாள்

நோட்டு பலித்துவிட்டது என்று நான் நினைத்தது ஞாயிறு வரைதான். திங்கட்கிழமை நான் உள்ளே நுழையும்போதே வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் “பைலட்தான்”. கேப்டனா கோ-பைலட்டா என்று பெயர் சொல்லி, வயதைச் சொல்லி, வீட்டு நிலைமையைச் சொல்லி. இன்னொரு பக்கம் “பூட்டுதான் பழுது”. 2018-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ இந்த வகை சுவிட்சுகளைத் தூக்காமல் நகர்த்தவிடாத பூட்டு அமைப்பைச் சோதிக்கச் சொல்லி ஒரு தகவல் அறிவிப்பு வெளியிட்டதும், கட்டாயம் இல்லை என்பதால் இந்த விமானத்தில் அந்தச் சோதனை நடக்கவில்லை என்பதும் அறிக்கையில் இருந்தன. ஃபிளாப்புக்கும் பறவைக்கும் இருபது நிமிடம் யோசித்தவர்கள் ஒரு மனிதரின் மனதுக்குள் இரண்டு விநாடியில் நுழைந்துவிட்டார்கள்.

பதினான்காவது பதிவை எழுதிய மாணவி எழுந்து வெளியே போனாள். சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது, அவளுடைய அண்ணன் ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட். சிட்லபாக்கத்தில் வீடு. சனிக்கிழமை முதல் தெருவில் அவள் அம்மாவை நிறுத்தி, “உங்க பையனுக்கு வேலையில டென்ஷன் எதுவும் இல்லையே?” என்று கேட்டிருக்கிறார்கள். அக்கறையாகத்தான் கேட்டிருப்பார்கள். அந்தத் தாய் அடுத்த நாள் கடைக்கே போகவில்லை.

இரண்டாவது முடிவு

செவ்வாய் அன்று நோட்டை மூடி வைத்தேன். ஒரு மனிதரின் எண்ணத்தைப் பற்றிய யூகம் இனி நோட்டில் வரக்கூடாது என்று சொன்னேன். 2008 ஜனவரியில் ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777-ஐ எடுத்துக்காட்டினேன். இரண்டு என்ஜினிலும் த்ரஸ்ட் ஏறவில்லை. அதன் கேப்டன் கடைசி நொடிகளில் செயலிழந்து உட்கார்ந்துவிட்டார் என்று பொய்யான பேச்சு பரவியது. எரிபொருளில் இருந்த நீர் பனிக்கட்டியாகி வெப்பமாற்றியின் வாயை அடைத்தது என்று புலனாய்வின் இறுதி அறிக்கை வர இரண்டு வருடம் ஆயிற்று. அந்தப் பேச்சின் சுமையை அந்த மனிதர் அவ்வளவு காலமும் சுமந்தார்.

அப்போது நாச வேலை என்று எழுதியிருந்த அதே மாணவன் எழுந்தான். “சார், 2015-ல ஜெர்மன்விங்ஸ்? கோ-பைலட் வேணும்னேதான இறக்கினான்? 150 பேர். எழுதவே கூடாதுன்னா, உண்மையா இருந்தா என்ன பண்ணுவோம்?”

அவன் கேட்டது சரி. என் விதி தப்பு. அதை அங்கேயே ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்த விபத்தில் என்னென்ன பதிவாகியிருந்தன என்று பலகையில் எழுதச் சொன்னேன். கேப்டன் வெளியே போனதும் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது, தட்டியும் திறக்கவில்லை, உயரத் தேர்வு 100 அடிக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொன்றும் கருவியில் பதிந்த செயல். அகமதாபாத்தில் நம்மிடம் இருப்பது, யார் சொன்னது என்று தெரியாத இரண்டு வாக்கியத்தின் சுருக்கம். அதனால் விதியை மாற்றினோம்: மனிதரைப் பற்றி எழுதலாம், ஆனால் மூன்றாவது பத்தியில் பதிவான செயல் இருக்க வேண்டும், குணம், குடும்பம், முகம் எதுவும் அங்கே வரக்கூடாது. அந்த வாரம் இந்த விதிப்படி ஒரு பதிவுகூட வரவில்லை.

பலகை

பேச்சிலேயே நின்றால் போதாது என்று தோன்றியது. எங்கள் லேப் உதவியாளர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான்கைந்து கடை ஏறி இறங்கி, தூக்கி நகர்த்த வேண்டிய பூட்டு வைத்த டாகிள் சுவிட்சுகள் வாங்கி வந்தார். ஒரு பிளைவுட் துண்டில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினோம்.

பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டார்கள். பை வாரை மேலே இழுத்தார்கள், சட்டைக் கையை மாட்டினார்கள், மேனுவலைப் போட்டார்கள், பலகையை மேசையில் தட்டினார்கள். அசையவில்லை. விரலால் பிடித்து, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை உணர்ந்து, மேலே தூக்கி, மேட்டைத் தாண்டி நகர்த்தினால்தான் நகர்ந்தது. ஒரே கையால் இரண்டையும் அடுத்தடுத்து நகர்த்தப் பெரும்பாலும் ஒரு விநாடி ஆனது. “அப்போ கைதான் சார்!” என்று ஒருவன் கத்தினான். நான் அரத்தை எடுத்து ஒரு சுவிட்சின் பூட்டு மேட்டைத் தேய்த்துக் கொடுத்தேன். இப்போது பை வாரே அதை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்துச் சுவிட்ச் அசையவில்லை. கத்தியவன் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தான்.

இது கடையில் கிடைக்கும் சுவிட்ச், போயிங்கின் சுவிட்ச் இல்லை. கை என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பலகை காட்டும். அன்று அந்தக் காக்பிட்டில் என்ன நடந்தது என்று காட்டாது. இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி 25 பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலை 14 அன்றே டிஜிசிஏ, எஃப்ஏஏ அறிவிப்பில் வரும் வகை விமானங்களில் அந்தப் பூட்டுகளை ஜூலை 21-க்குள் சோதிக்க உத்தரவு போட்டிருந்தது. எங்களிடம் படித்துப் போன ஒருவன் அந்த வாரம் ஒரு ஹேங்கரில் இரவு ஷிஃப்டில் இருந்தான். “சார், ஒவ்வொரு சுவிட்சையும் தூக்காம நகர்த்திப் பார்க்கணும். நகரலை. ஆனா நகர்ந்துடுமோன்னு நினைச்சுக்கிட்டே விரல் வெச்சேன்” என்றான். அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

விளைவு

முதல் காணொளியை மாணவன் ஜூன் 14-ஆம் தேதியே நீக்கிவிட்டான். பிரதிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அறிக்கை வந்தபின், தான் பார்த்தது எது, பார்க்க முடியாமல் போனது எது என்று அதே சீருடையில் இன்னொன்று போட்டான். முதலாவதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. ஆனால் நங்கநல்லூர் கேப்டன் பார்த்துவிட்டு நேரில் வந்து வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார்.

சுற்றறிக்கையை நிர்வாகம் கைவிட்டது. நோட்டு மாட்யூல் 9 பாடத்தில் சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்னாக் பயிற்சிக்கும் அதே நான்கு பத்திதான். நான்காவதை நிரப்பாமல் ஸ்பேனர் கேட்கும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள்.

மாணவி மூன்று நாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாள். பலகையின் பக்கம் போகவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் 26-ஆவது கையெழுத்தை ஆகஸ்டில் போட்டாள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நோட்டை விபத்து நடந்த அன்றே திறந்திருக்க வேண்டும். அன்று திறக்காததால்தான் அந்தக் காணொளி பிறந்தது.

மனிதர்களைப் பற்றிய விதியை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தைப் பற்றி மட்டும் யோசித்து நான் பத்தி போட்டேன். இத்தனைக்கும் நான் எடுப்பது மனிதக் காரணிகள் பாடம்.

வகுப்பில் யாருடைய வீட்டில் யார் பறக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் அந்தத் தகவல் இருந்தது. நான் படிக்கவில்லை.

அறிக்கை வந்த சனிக்கிழமை காலையே அவளுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்தது புதன்கிழமை. அவள் அம்மாதான் எடுத்தார். மகள் தூங்குகிறாள் என்றார். பையன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “காலைல நாலு மணி டூட்டி சார். கிளம்பிப் போயிட்டான். இறங்கினதும் மெசேஜ் போடுவான்” என்றார். அந்த மெசேஜ் வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.